ம் கொட்டிய வீடு

யோகமலரின் அம்மா வீட்டுக் கிணற்றில் ஐஸ் உறைந்து கிடந்தது.

பஸ் யன்னலில் தலை சாய்த்து, அரைக்கண் மூடி, ஊரை நினைத்துக்கொண்டு வந்தபோதுதான் அது தெரிந்தது. நினைவில் அவள் சின்னப்பிள்ளை. வாளியை இறக்குகிறாள். தண்ணீரில் விழுகிற சத்தத்துக்குப் பதிலாகக் கல்லில் மோதியது போல 'டங்' என்றது. எட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக, தடிப்பாக, ஐஸ். திடுக்கிட்டு நிமிர்ந்தவள், சீ, இந்தக் குளிருக்குள் திரிந்து மூளையும் விறைத்துப்போச்சு என்று தன்னையே ஏசிக்கொண்டாள். மட்டக்களப்பில் அவள் கண்ட ஐஸ் எல்லாம் ஐஸ்பழக்காரனின் பெட்டிக்குள் இருந்ததுதான்.

களைப்பு, வேறென்ன. விடியமுன் எழும்பி சின்னப்பிள்ளைகளைப் பராமரிக்கிற ஒரு கார்டரியில் பிள்ளைகள் வரமுதல் நிலம் துடைத்து, மத்தியானம் பியர்பொன்ட்ஸில் இருக்கிற தங்கள் வீட்டுக்கு ஓடிவந்து சோற்றை வடித்து மூடிவைத்துவிட்டு, திரும்பவும் பஸ் பிடித்துப் புவாண்ட்-கிளேருக்கு ஓடவேண்டும். புருசன் கனகசிங்கத்துக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. ஒரே கூரைக்குள் இருந்தும் ஒருவரையொருவர் கண்டு கதைப்பதே பெரும்பாடு. இப்படி ஓடுகிற மனுசிக்குக் கிணற்றில் ஐஸ் உறைந்தால் அதில் என்ன அதிசயம்?

புவாண்ட்-கிளேரில் ஏரியைப் பார்த்தபடி நின்ற ஒரு பழைய வீட்டில், அல்பேட் என்ற இங்கிலாந்துக் கிழவரைப் பார்த்துக்கொள்வது அவளுடைய பின்னேர வேலை. மனுசனுக்கு எண்பது கடந்துவிட்டது. ஒரே மகள் வன்கூவரில். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது. ஆனால் பிறந்த ஊரைப் பற்றிக் கேட்டால் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிடுவார். தோர்ன்பெக் என்று வட இங்கிலாந்தில் ஒரு பள்ளத்தாக்குக் கிராமம். எங்கேயோ இருந்த பட்டணத்துக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று அணை கட்டி, அந்த ஊரை அப்படியே தண்ணீருக்குள் அமுக்கிவிட்டார்களாம். முதலில் சவக்காலையைத் தோண்டிச் சவப்பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். பிறகு ஆட்களை ஏற்றினார்கள். அப்போது அவர் சின்னப்பொடியன்.

உறைந்த தண்ணீர்ப் பம்பை வைக்கோல் கொளுத்தி இளக்கியது, அடுப்படியில் காயப்போட்ட கம்பளிச் சட்டையின் ஈரவாடை, தங்கச்சி மேபல் பேக்கரி வாசலில் பாணுக்காக அழுதது, குளிர்தண்ணீரில் உடுப்புத் தோய்த்துத் தோய்த்து வெடித்துப்போன தாயின் சிவந்த கைகள். இந்த நாலு கதையையும் மாறி மாறிச் சொல்வார். யோகமலர் கட்டில் விரிப்பை மாற்றியபடி, சூப்பைக் கிளறியபடி, 'ம்' கொட்டுவாள்.

அது அவளுக்கு ஊறிப்போன பழக்கம். அம்மா கதை சொல்லும்போது பிள்ளைகள் ம் கொட்டியே ஆகவேண்டும். ம் நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது, கதையும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். "ம் சொல்லிக் கேட்ட கதை சொன்னவளுக்குச் சொந்தமில்ல, கேட்டவளுக்குத்தான்" என்று அம்மா சிரித்துக்கொண்டு சொல்வாள். கிழவர் ஒருநாள், அது என்ன சத்தம் என்று கேட்க, யோகமலர் தனக்குத் தெரிந்த இங்கிலிசில் இதையெல்லாம் விளங்கப்படுத்தினாள். கிழவருக்கு அது பெரிதாகப் பிடித்துப்போயிற்று.

"அப்ப உன்ட ஊர்?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டது இலையுதிர்காலத்தில். கேட்க ஒரு ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் வாய் நிற்கும்? என் ஊரையும் தண்ணீர்தான் கொண்டுபோனது என்று தொடங்கினாள். போன வருசம் நத்தார் பண்டிகைக்கு அடுத்தநாள் கடல் எழும்பி வந்ததைச் சொன்னாள். அதில் போன அம்மாவைச் சொன்னாள். வாவிக்கரை, கிணற்றடி, அம்மாவின் நண்டுக் கதை, அம்மாவின் மூக்குத்தி, எந்நேரமும் வெற்றிலை குதப்பி உப்பிய அம்மாவின் கன்னம், அம்மா அவளை 'கிளி' என்று கூப்பிடுவது என்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல நெஞ்சு இலேசானது. கண்ணை மூடிப் படுத்திருந்த கிழவர், ஒவ்வொரு வசனத்துக்கும் சரியான இடத்தில், மெதுவாக 'ம்' கொட்டினார்.

நெஞ்சு ஏன் அவ்வளவு இலேசானது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

மார்கழி பிறந்தது. நாலரைக்கே இருட்டிவிடும். வீட்டுக்குப் போனால் உடுப்பு அலுமாரியைத் திறக்கும்போது ஈரக் கம்பளி வாடை அடிக்கத் தொடங்கியது. கம்பளி ஒன்றும் அங்கே இல்லை. எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுத் திரும்பவும் தோய்த்தாள். வாடை போகவில்லை.

ஒரு ஞாயிறு, பிட்டுக் குழைத்துக்கொண்டிருந்தவள் சும்மா சொன்னாள். "இஞ்சேருங்க, சின்னனில எங்கட பம்ப் உறைஞ்சா வைக்கோல் கொளுத்தித்தான் இளக்குவாங்க, என்ன?"

கனகசிங்கம் பேப்பரைக் கீழே வைத்தான். அவனும் அதே ஊர்தான், இரண்டு தெரு தள்ளி. "என்ன பம்ப்? உங்கட வீட்டில கிணறுதானே இருந்த."

"ஓம்… கிணறு."

"கிணத்தடியில என்ன மரம் நிண்டது, சொல்லு பாப்பம்?" பகிடிக்குத்தான் கேட்டான்.

அவள் கிணற்றடியை நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மரம் நின்ற இடத்தில் சாம்பல்நிறக் கல்மதில் ஒன்று, பாசி பிடித்து, நனைந்து நின்றது. மதிலுக்கு அங்கால் பெட்டிகள் ஏற்றிய வண்டி.

"முருங்கையடி! என்ன மலர், முருங்கையில ஏறி விழுந்து கையை உடைச்சதே நீதானே!" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "ஒரு கிழமை லீவு எடு. நீ சரியாக் களைச்சுப்போனாய்."

அன்று இரவு தங்கச்சி றஜனி மட்டக்களப்பிலிருந்து போன் எடுத்தாள். அம்மாவின் ஆண்டுத் திவசம் வருகிறது. வைத்துக் கும்பிட ஒரு படம் இல்லை. படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று அம்மா கமராவுக்கு முன்னால் நிற்கவே மாட்டாள்; இருந்த ஒரேயொரு கலியாணப் படமும் சுவரோடு போய்விட்டது. முகத்தைச் சொன்னால் கீறித் தரக்கூடிய ஓவியர் ஒருவரை றஜனி பிடித்திருக்கிறாளாம். வியாழக்கிழமை விடிந்ததும் வருவாராம்.

"நீங்கதான் சொல்லணும் அக்கா," என்றாள் றஜனி. "எனக்கு அம்மாட முகம் வருகுதில்ல. ஆசுபத்திரியில கடைசியாக் கண்ட அந்த முகம்தான் கண்ணுக்க நிக்குது. அதைக் கீறி வைக்க ஏலுமா? உங்களுக்குத்தான் அம்மா நல்லா இருந்த முகம் தெரியும்."

"ஓம், ஓம். நான் சொல்றன். நீ அழாத."

போனை வைத்துவிட்டு, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி அம்மாவை நினைத்தாள். அம்மா திரும்பினாள். நீலக் கண். சிவந்து வெடித்த கைகள். யோகமலர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். ஐயோ, இது யாருடைய அம்மா?

புதன்கிழமை பின்னேரம் அவள் கிழவர் வீட்டுக்கு வேலைக்குப் போகவில்லை. தன் அம்மாவைக் கேட்டு வாங்கத்தான் போனாள்.

கதவைத் திறந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. எப்போதும் மருந்தும் பழைய தரைவிரிப்பும் மணக்கிற வீட்டில், இன்றைக்கு விறகுப் புகை. அதன் அடியில் தேங்காயெண்ணெய். அந்த மணம் எங்கேயோ தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. ஹீட்டர் டிக் டிக் என்று சூடேறிக்கொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே ஏரி அரைவாசி உறைந்து, வெளிச்சம் இல்லாமல், கறுப்பாகக் கிடந்தது. ஐஸ் தகடுகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், ஆழத்தில் யாரோ பெட்டி இழுப்பது போல, விட்டுவிட்டுக் கேட்டது.

கிழவர் படுத்திருந்தார். வெற்றிலை குதப்பியது போலக் கன்னம் உப்பியிருந்தது. வாய் எதையோ மெதுவாக மென்றுகொண்டிருந்தது. கட்டிலருகில் சூப்புக் கோப்பை தொடாமல் ஆறிப்போயிருந்தது. மெல்ல அங்கே ஒன்றும் இல்லை.

"மிஸ்டர் அல்பேட், தோர்ன்பெக்கைச் சொல்லுங்க," என்றாள் ஆங்கிலத்தில். சோதிக்கத்தான் கேட்டாள்.

அவர் விழித்துப் பார்த்தார். அது எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"என்ட அம்மாவைப் பற்றி உங்களுக்குச் சொன்னனே. அதைத் திருப்பிச் சொல்லுங்க. தயவுசெய்து."

கிழவரின் முகம் மலர்ந்தது. சொல்லத் தொடங்கினார். இடது கன்னத்தில் மச்சம். ஒற்றைக்கல் மூக்குத்தி. சிரித்தால் முன்பற்களுக்கு நடுவில் ஒரு நீக்கல். நெற்றியில் சின்னதாக ஒரு தழும்பு, தேங்காய் துருவும்போது அலகு வழுக்கி வெட்டியது.

தழும்பை அவள் அவருக்குச் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொன்னாளோ? சொல்லியிருப்பாள். எல்லாவற்றையும்தான் கொட்டிவிட்டாளே, பாவி.

அவள் 'ம்' கொட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ம், ம் என்று கொட்டினாள். இப்படித்தானே போனது, இப்படியே திரும்பி வரட்டும் என்று நினைத்தாள். ஒன்றும் வரவில்லை. யாரோ ஒரு ஊர்ப் பெண்பிள்ளையைப் பற்றி யாரோ சொல்வதைக் கேட்பது போலத்தான் இருந்தது. அழக்கூட வரவில்லை.

சரி. எனக்கு வராட்டியும் பரவாயில்லை, றஜனிக்காவது போய்ச் சேரட்டும்.

ரெலிபோன் அட்டையைச் சுரண்டி இலக்கங்களை அமத்தினாள். அங்கே விடியப்போகிறது. றஜனி முதல் மணியிலேயே எடுத்தாள், தூங்காமல் இருந்திருக்கிறாள்.

"றஜனி, ஒரு கிழவன் சொல்லுவான். இங்கிலிசு. நான் தமிழில சொல்றன், நீ மனசில வை."

"ஆர் அக்கா கிழவன்? அவருக்கு எப்பிடி—"

"கேள்வி கேக்காத. கேளு."

போனைக் கிழவரின் வாயருகே பிடித்தாள். அவர் போனைப் பார்த்தார். மென்றதை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

பிறகு கதைத்தார். மெதுவாக, கொஞ்சம் கரகரத்து, வசனத்தின் கடைசியை இழுத்து.

"கிளி… ஒரு ஊரில ஒரு நண்டு இருந்ததாம். மறுகா…"

தமிழ். ஒரு சொல்கூட அவள் இந்த மனுசனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நண்டுக் கதையைக்கூட இங்கிலிசில்தான் சொன்னாள். பிறகு என்பதற்குத் தங்கள் பக்கத்தில் மட்டும் சொல்கிற மறுகா. அதை எங்கிருந்து எடுத்தார்?

போனில் ஒரு விம்மல். "அம்மா!"

"றஜனி?"

"அக்கா… அது அம்மா. அம்மாட குரல். அம்மாவை எங்க வச்சிருக்கீங்க? ஏன் எனக்குச் சொல்லல்ல?"

யோகமலர் காதைக் கூர்மையாக்கினாள். கரகரத்த குரல். யாரோ ஒரு கிழவியின் குரல். அவள் வாழ்நாளில் கேட்டிராத குரல்.

"அது அம்மா இல்ல," என்றாள். "எனக்கு அந்தக் குரல் தெரியாது."

"மறுகா, அந்த நண்டு கடலைப் பாத்து நடந்ததாம்…" என்றது குரல். நிறுத்தியது. காத்திருந்தது.

ஈரக் கம்பளி வாடை. தோளில். தன் தோளில். ஏரியில் ஐஸ் உரசியது. அதோடு ஒரு மணி, தண்ணீருக்கடியில், ஒற்றை மணி. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த மணி. ஞாயிற்றுக்கிழமைத் தேவாலய மணி.

விளங்கிவிட்டது. இனி றஜனி. அவள் ம் கொட்டினால் அவளிடம் மிச்சம் இருப்பதும் போகும். அந்தக் கடைசி முகம்கூட.

போனைத் தன் வாயருகே இழுத்தாள். தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். ம் சொல்லாதே. வை. உடனே வை. கூப்பிடப் பெயர் வேண்டும். தேடினாள். வாயில் வந்த பெயரைக் கத்தினாள்.

"மேபல்! போனை வை! மேபல்!"

யாருக்கு அந்தப் பெயர் தெரியும்? அந்தப் பக்கம் ஒரு மூக்குறிஞ்சல் மட்டும் கேட்டது.

கிழவர் கட்டிலில் கொஞ்சம் தள்ளிப் படுத்து, பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு இடம் விட்டார். காலியான விரிப்பை உள்ளங்கையால் தடவி நேராக்கினார். போனைப் பார்த்துச் சிரித்தார். முன்பல்லில் ஒரு நீக்கல்.

போனில் றஜனியின் குரல் வந்தது. அழுகை போய்விட்டிருந்தது. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஒரு சின்னப்பிள்ளையின் குரல்.

"ம்… மறுகா?"