சின்னவளைக் கொடுத்துவிட்டு

வஸீலாவின் வயலினுக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது. சின்னவள்.

வஸீலாவின் தங்கை மைசூனுக்கும் அதே பெயர்தான். "சின்னவளை எடுத்து உள்ளே வை" என்று அம்மா குரல் கொடுத்தால், வயலினையா தங்கையையா என்று கேட்காமல் யாரும் இடத்தைவிட்டு அசைய மாட்டார்கள்.

வஸீலா வளர்ந்துவிட்டாள். வயலின் வளரவில்லை. அல்ஜீரியாவின் திலம்சான் நகரத்து இசை மன்றத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, அந்த ஊர் வழக்கப்படி வயலினை முழங்கால்மேல் நிற்கவைத்து வாசிக்கும்போது, அவளுடையது மட்டும் தனியாகக் கீச்சிட்டது.

"வஸீலா, உன் கொசுவைக் கொஞ்சம் அடக்கு" என்றான் பின்வரிசை ரியாத்.

அந்த வாரமே அப்பா அவளை ஜல்லூல் மாமாவின் இசைக்கருவிக் கடைக்குக் கூட்டிப்போனார். மைசூனும் கூடவே ஒட்டிக்கொண்டாள்.

"சின்னவ இவளுக்கு இனிமே பத்தாது, ஜல்லூல்" என்று சொல்லி, பழைய வயலினை மேசைமேல் வைத்தார் அப்பா. "பெருசா ஒண்ணு வேணும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுற என் சட்டைப்பைக்கு அடங்கின விலையா இருக்கணும்."

"பேரெல்லாம் வெச்சிருக்கீங்களா?" என்று சிரித்தார் ஜல்லூல் மாமா. இரண்டு வயலின்களை எடுத்து வந்தார். ஒன்று சிவப்பு, பளபளவென்று இருந்தது. இன்னொன்று பழுப்பு. அதன் விளிம்பில் ஒரு நீளக் கீறல்.

வஸீலா சிவப்பை முழங்கால்மேல் நிறுத்தி வில்லை இழுத்தாள். மைசூன் காதைப் பொத்திக்கொண்டாள்.

"டீ தட்டு கீழ விழுந்த மாதிரி இருக்கு."

"வாயை மூடு" என்றாள் வஸீலா. ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தட்டு விழுந்த மாதிரியேதான் இருந்தது.

பிறகு பழுப்பு. அடித்தந்தியில் மெதுவாக ஒரு இழுப்பு. சத்தம் காதுக்கு வருமுன்பே முழங்காலுக்கு வந்துவிட்டது. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வஸீலா இன்னொரு முறை இழுத்தாள். இன்னொரு முறை.

"அப்பா, இது."

ஜல்லூல் மாமா விலையைச் சொன்னார். அப்பா தாடையைச் சொறிந்தார்.

"அவ்வளவு பணம் இல்ல, கண்ணு. சிவப்பையே எடுத்துக்கலாமா?"

"ஒரு வழி இருக்கு" என்றார் ஜல்லூல் மாமா. "சின்னவளை இங்கேயே விட்டுட்டுப் போங்க. மீதியை நான் கேக்க மாட்டேன்."

மைசூன் அப்பாவின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நான் இருக்க மாட்டேன். இங்க டிவிகூட இல்ல."

கடையே சிரித்தது. "உன்னை இல்லடி, வயலினை" என்று அப்பா அவள் தலையைத் தடவினார்.

மைசூன் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

போன குளிர்காலத்தில் மைசூன் கை முறிந்து கட்டுப் போட்டுக் கிடந்தபோது, வஸீலா ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். 'நான் பெரிய வயலின் வாங்கினா, சின்னவ உனக்கு.' கட்டு அவிழ்ந்த அன்றே மைசூன் பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். ரொட்டி தேய்க்கும் கட்டையை முழங்கால்மேல் நிறுத்தி, அகப்பைக் காம்பால் மும்முரமாக இழுப்பாள். 'மணிக்கட்டை இறுக்காதே' என்று வஸீலாவும் திருத்துவாள்.

அதெல்லாம் இப்போது நினைவுக்கு வந்தது. வஸீலா தலையைக் குனிந்து, வில்லின் திருகைத் தேவையில்லாமல் திருகினாள்.

"கொடுத்துடலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மைசூன் கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். ரொட்டிக் கட்டையையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"அட, என் அகப்பை திரும்பி வந்துடுச்சே. உனக்கு வேண்டாமா?" என்றாள் அம்மா.

"வேண்டாம்மா."

வஸீலா அறைக்குள் புது வயலினை வாசித்துப் பார்த்தாள். நாதம் கடையில் கேட்ட அதே நாதம்தான், ஒரு குறையும் இல்லை. ஆனால் சுவரில் சின்னவள் தொங்கிய ஆணி மொட்டையாக நின்றது. எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் அது கண்ணில் பட்டது. பாதிப் பாட்டிலேயே வில்லைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா திட்டவில்லை. "நேத்தே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லி, அவளைக் கடைக்கு அழைத்துப்போனார்.

"மாமா, சிவப்பையே எடுத்துக்கறேன். சின்னவளைத் திருப்பிக் குடுங்க."

ஜல்லூல் மாமா முகம் சுருங்கியது. "இன்னிக்குக் காலைலதான் ஒரு பொண்ணு வாங்கிட்டுப் போனா, வஸீலா. பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே போனா. இப்பப் போய் அவகிட்ட எப்படிக் கேக்கறது?"

கட்டிப்பிடித்துக்கொண்டு போன பெண்ணிடம் கேட்க முடியாதுதான். வஸீலாவுக்கும் அது புரிந்தது. பழுப்பையே தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

வீட்டில் மைசூன் சன்னலோரம் உட்கார்ந்து வாதுமை உரித்துக்கொண்டிருந்தாள். வஸீலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் உன்கிட்ட கேட்டிருக்கணும், மைசூன்."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதான் கேக்கல. அது ரொம்பத் தப்பு."

மைசூன் ஒரு வாதுமையை வாயில் போட்டாள். அக்காவுக்குத் தரவில்லை.

"அவ அங்க தனியா இருக்காளா?"

"இல்ல. ஒரு பொண்ணு வாங்கிட்டுப் போயிட்டாளாம்."

"அந்தப் பொண்ணுக்கு அவ பேரு தெரியுமா?"

வஸீலா தரையில் கிடந்த வாதுமைத் தோலைப் பொறுக்கினாள். மைசூன் அதைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு வாதுமையை அக்காவின் பக்கம் தள்ளினாள்.

அதை மெல்லும்போதுதான் வஸீலாவின் பார்வை தங்கையின் முழங்காலில் விழுந்தது. ரொட்டிக் கட்டை நின்ற முழங்கால். மோவாய்க்கு அடியில் வைத்து வாசிப்பது என்றால் ஏழு வயதுக்காரிக்குப் பெரிய வயலினின் நுனி எட்டாது. முழங்கால்மேல் நிறுத்தினால்?

"நேரா உக்காரு" என்றாள்.

"எதுக்கு?"

"உக்காரேன்."

வயலினைத் தங்கையின் இடது முழங்கால்மேல் நிறுத்தினாள். ஒட்டி உட்கார்ந்து, அதன் கழுத்தைத் தன் கையில் பிடித்துக்கொண்டாள். வில்லை மைசூனிடம் கொடுத்தாள்.

"நீ வில்லை நேரா மட்டும் இழு. எங்கேயும் சாய்க்காதே. தந்தி மாத்தணும்னா வயலினை நான் திருப்பிக்கறேன். விரலும் நான் வெக்கறேன்."

மைசூன் இழுத்தாள்.

"யாருடி கழுதையை வீட்டுக்குள்ள விட்டது?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் அம்மா.

"மணிக்கட்டை இறுக்காதே" என்றாள் வஸீலா.

மறுபடி இழுத்தாள். இந்த முறை அடித்தந்தி ஆழமாக முனகியது. மைசூனின் கண்கள் அகன்றன.

"அக்கா, முட்டியில சூடா வருது."

"எனக்கும் அப்படித்தான் வந்துச்சு."

தடுமாறித் தடுமாறி ஒரு சின்னப் பாட்டை முடித்தார்கள். மைசூன் வில்லைக் கீழே வைத்துவிட்டு வயலினை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவளுக்குப் பேரு வெக்கணும்."

"பெரியவ?"

"அது நீ." மைசூன் யோசித்தாள். "நம்மவ."

இப்போதும் தெருவில் யாராவது ஒரு பெண் சின்ன வயலின் பெட்டியோடு போனால் வஸீலா திரும்பிப் பார்க்கிறாள். இதுவரை அது சின்னவளாக இருந்ததில்லை. ஆனால் அம்மா "நம்மவளை எடுத்து உள்ளே வை" என்று குரல் கொடுத்தால், யாரும் எதுவும் கேட்பதில்லை. இரண்டு பேர் எழுந்து ஓடுகிறார்கள்.