கோடு மட்டும் துள்ளியது

கண்டனூர், 1996 தை மாதம். மாலை ஐந்து மணி.

முத்துக்கருப்பன் செட்டியாரின் வாயில் கஞ்சி இருந்தது. விழுங்கப்படாத கஞ்சி. பருக்கைகள் பல்லில் ஒட்டிப் புளித்துக் கிடந்தன.

இன்ஸ்பெக்டர் மரிய ஆனந்த் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். பட்டுச் சட்டை, மார்பில் சந்தனம். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு மேடு.

"இது என்ன?"

"மதுரையில வச்ச மிஷினுங்கய்யா, இருதயத்துக்கு" என்றாள் காளியாயி. பல வருடங்களாக அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவள். அவள்மேல்தான் புகார். கஞ்சியில் விஷம் வைத்தாளாம்.

புகார் கொடுத்தவர் இறந்தவரின் தங்கை கண்ணம்மை ஆச்சி.

"பிள்ளை இல்லாத அண்ணனுக்குக் காலையில பத்து மணிக்குத் தத்து எடுத்துப் பிள்ளை கூட்டினோம். கோயில் மாலை வந்துச்சு. அண்ணன் தன் கையால இந்த ஏகப்பனுக்குப் போட்டாக. அப்புறம் இவ கஞ்சி கொண்டாந்தா. உச்சிப் பொழுதுக்குள்ள போயிட்டாக. இன்னும் என்ன வேணும்?"

"கிட்ட இருந்து பாத்தீகளா?"

"நிலைப்படியிலருந்துதான். நோய் தொத்திக்கும்னு இவன் உள்ள விடல. அண்ணன் கையக்கூட இவந்தான் தாங்கிப் பிடிச்சான்."

ஏகப்பன் மதுரையில் ஆஸ்பத்திரிக் கருவிகள் விற்பவன். இன்று காலை இந்த வீட்டின் வாரிசானவன். ஒரு நீளத் தாளை நீட்டினான்.

"அப்பச்சிக்கு அசைவே இல்லயேன்னு கண்ணம்மை அத்தை முணுமுணுத்தாக. அப்பவே ஈ.சி.ஜி. எடுத்துக் காட்டினேன். பாருங்க சார்."

கட்டம் போட்ட தாளில், சீரான இடைவெளியில் மெல்லிய செங்குத்துக் கோடுகள்.

"ஊசி துள்ளித் துள்ளி எழுதுச்சு. நானே பாத்தேன்" என்றார் ஆச்சி.

"கஞ்சி ஊட்டினது யாரு?"

"நாந்தான். நல்லாக் குடிச்சாக" என்றான் ஏகப்பன்.

"விடியக்காலையிலருந்து என்னைய இவரு உள்ள விடலய்யா. கஞ்சியக் கதவுகிட்டயே வாங்கிக்கிட்டாரு" என்றாள் காளியாயி.

"வாய மூடுடி! தின்ன சோத்துக்கு இதுவா நன்றி?" என்று சீறினார் ஆச்சி.

மரிய ஆனந்த் அலமாரியைத் திறக்கச் சொன்னார். மதுரை ஆஸ்பத்திரிக் கோப்பில் போன மாதத்து ஈ.சி.ஜி. இருந்தது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். மதுரை டாக்டருக்குப் போன் செய்தார். திரும்பியபோது அவர் முகம் எதையோ மிதித்துவிட்டவர்போல் சுருங்கியிருந்தது.

"காளியாயி, ஒரு ஓரமா உக்காரு. உம்மேல குத்தம் இல்ல. கஞ்சி தொண்டைக்கே இறங்கல. இறங்காத கஞ்சி எப்படிக் கொல்லும்?"

"அப்ப அண்ணன்..."

"ராத்திரியே போயிட்டாக ஆச்சி. மாலை போட்டது பிணம்."

ஏகப்பன் சிரிக்க முயன்றான். "பிணத்துக்கு ஈ.சி.ஜி.யில துடிப்பு வருமா சார்?"

"இது துடிப்பில்ல. தோலுக்கடியில இருக்குற பேஸ்மேக்கர் பேட்டரி இருதயத்த ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டுதான் இந்தக் கோடு. உயிருள்ள இருதயம்னா உடனே சுருங்கும். அப்ப கோட்டுக்குப் பின்னால அகலமா ஒரு அலை எழும். போன மாசத் தாளப் பாருங்க, கோட்டுக்குக் கோடு அலை இருக்கு. உங்க தாள்ல கோடு மட்டும். பின்னால நூல் மாதிரி நேராப் போகுது. பேட்டரி தட்டுது, உள்ள ஆளில்ல."

ஏகப்பன் தாளையே வெறித்தான்.

"நெஞ்சு மேட்டக் கட்டின்னு நெனச்சிருப்பீக, மிஷின்னு உங்களுக்குத் தெரியாது. கம்பிய ஆட்டி ஏமாத்தலாம்னு ஈ.சி.ஜி.ய மாட்டியிருப்பீக. அதுவே துள்ளவும் சந்தோசமாப் போச்சு. ஈ.சி.ஜி. மிஷின விக்கத் தெரிஞ்சுச்சு, அது எழுதுறதப் படிக்கத் தெரியல."

"நான் கொல்லல சார்! விடியக்காலையில பாத்தா சில்லுன்னு கிடந்தாக. மாலை கோயிலுலருந்து கெளம்பிருச்சு..."

"கொல்லல. மாலை விழுகாமச் செத்தா சொத்து வராதுன்னு செத்தவருக்குப் பட்டு உடுத்தி, அந்தக் கையத் தூக்கி மாலை வாங்கிக்கிட்டீக. அந்த வாயில கஞ்சியத் திணிச்சீக. சாவுக்கு ஒரு காரணம் வேணும்னு இந்தப் பொம்பளைய ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீக."

ஏகப்பன் தன் வலது கையைப் பார்த்தான். வேட்டியில் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"தாயி, தப்பா நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்காத" என்றார் ஆச்சி.

காளியாயி எழுந்தாள். பளிங்குத் தரையின் நடுவில் காறித் துப்பினாள். பின்கட்டுப் பக்கம் திரும்பாமல் முன்வாசல் வழியே தெருவில் இறங்கிப் போனாள். தரையைத் துடைக்கச் சொல்லி அவளைக் கூப்பிட அங்கே எவருக்கும் வாய் வரவில்லை.