குறையாத எண்ணெய்

தூக்குவாளியில் எண்ணெய் ஏறியிருந்தது.

முந்தின நாள் அப்பளம் பொரித்து மிஞ்சியதை ஆறவைத்து வடிகட்டி, பாதித் தூக்குக்கும் கீழே நிற்கும்படி ஊற்றிவைத்தவள் அன்பரசியே. காலையில் மூடியைத் திறந்தபோது அது விளிம்பு தொட்டுத் தளும்பிற்று. நிறமும் மாறியிருந்தது. கடலை எண்ணெயின் தெளிந்த பொன்னிறம் போய், புண்ணில் கட்டிய சீழின் கலங்கிய மஞ்சள். மேலே ஆடைபோல் ஒரு படலம். அதைக் கரண்டியால் விலக்கினாள். கரண்டியோடு நீள நீளமாய் இரண்டு தலைமயிர் எழுந்து வந்தன. அவளுடைய மயிர் சுருண்டது. இவை சுருளாதவை, நுனி கருகியவை.

கொல்லையில் புளியமரத்தடியில் குழி தோண்டி அத்தனையையும் கொட்டினாள். தெருநாய் ஒன்று வந்து நக்கிற்று. நக்கிய இடத்திலேயே கக்கிற்று. கக்கியதை மீண்டும் நக்கிற்று. அன்பரசி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அன்று ஆவணி அமாவாசை. அவளுடைய ஓரகத்தி மஞ்சுளா இறந்து மூன்று மாதம். படையலுக்கு வடை சுட வேண்டும். கணவன் விஜயராஜ் புளி மூட்டைகளோடு ஆலங்காயம் போயிருந்தான். மஞ்சுளாவின் கணவன் குமரேசன் கூடத்தில் அமர்ந்து மனைவியின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். காவலூர் மலையில் மூடுபனி பகல் மூன்று மணிக்கே இறங்கிவிட்டது, மின்சாரமும் போயிற்று.

"நேத்து அப்பளம் அவ பொரிச்ச மாதிரியே இருந்துச்சும்மா," என்றான் குமரேசன். "அதே வாசனை. ராத்திரி வரைக்கும் விரல மோந்துகினே இருந்தேன்."

அன்பரசி ஊறிய உளுந்தைக் கழுவத் திரும்பினாள்.

"அவ கடைசியா எதுனா சொன்னாளா? நீ தானே மொதல்ல ஓடுன."

இந்தக் கேள்வியை அவன் மாதந்தோறும் கேட்டான். மாதந்தோறும் அவளிடம் ஒரே விடை இருந்தது.

"நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சி மாமா. ஒண்ணும் சொல்லல."

"பூ வாங்கினு வர்றேன்," என்று அவன் எழுந்து பனிக்குள் போனான்.

சொல்லியிருந்தாள் மஞ்சுளா. ஆலங்காயத்துப் பள்ளியில் தீயணைப்புக்காரர்கள் செய்துகாட்டியதைப் பார்த்துவந்த நாள்முதல் அவளுக்கு அதே பேச்சு: எண்ணெய் பற்றினால் அடுப்பை மூடு, சட்டியை மூடு, தண்ணீரை மட்டும் தொடாதே. "வந்துட்டாங்க ஃபயர் சர்வீஸ் அக்கா. மணி அடிச்சினு வண்டி எப்ப வரும்?" என்று அன்பரசி கேலி செய்வாள். "சிரிடி. உன் தலைமேல பத்தும்போது சிரி," என்பாள் மஞ்சுளா, தானும் சிரித்தபடி.

வைகாசியில் அடிவாரத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் விஜயராஜ் காப்புக் கட்டித் தீமிதித்தான். கனன்ற குழியைக் கடந்தவனின் பாதத்தில் ஒரு கொப்புளமும் இல்லை. அந்தக் குழியைக் குளிர்வித்த மஞ்சள் நீரை, வேப்பிலை மிதக்க, ஒரு பித்தளைச் சொம்பில் கொண்டுவந்து அன்பரசி அடுப்படி அலமாரியில் வைத்தாள். மூன்றாம் நாள் போண்டாச் சட்டி பற்றியது. மஞ்சுளா பதறவில்லை, அடுப்பைத் திருகி அணைத்துவிட்டுக் கையை மட்டும் நீட்டினாள். "தண்ணி வாணாம் அன்பு. அந்த மூடிய எடு."

மூடி அன்பரசியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் எடுத்ததோ சொம்பை. பூக்குழியையே குளிர்வித்த நீருக்கு இந்தச் சட்டித் தீ எம்மாத்திரம்? "பயப்படாதக்கா. ஆத்தா குளிர்ந்துடுவா."

ஊற்றினாள். தீ கூரைவரை எழுந்து நின்றது. நின்று, மஞ்சுளாவின்மேல் கவிழ்ந்தது.

இன்று அன்பரசி எதிலும் தவறவில்லை. முந்தானையை இடுப்பில் இறுகச் செருகினாள். சன்னல் திரையைக் கழற்றி எறிந்தாள். பழைய தூக்கைத் தொடவே இல்லை. புதுப் பாக்கெட்டைக் கத்தரித்துச் சட்டியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றினாள். கனத்த இரும்பு மூடியை வலக்கைப் பக்கம் வைத்தாள். அடுப்பைப் பற்றவைத்துத் தீயைத் தணித்து வைத்தாள்.

எண்ணெய் காய்ந்தது. முதலில் கடலை மணம் எழுந்தது; அதன் அடியிலிருந்து, ஊதுவத்தியும் வேப்பிலையும் கலந்த கோயில் மணம்; அதற்கும் அடியிலிருந்து மெல்ல மெல்ல மேலேறி, மூக்கில் நுழைந்து, தொண்டையில் வழவழவென்று இறங்கி, நாக்கின் அடியில் உப்பாய்த் தங்கிற்று ஒரு நிணநாற்றம். பொசுங்கிய மயிர். உருகிய கொழுப்பு. அவள் தொட்டியில் துப்பினாள். எச்சில் மஞ்சளாய் இருந்தது. சுவரில் கை ஊன்றினாள். காலையில் சோடா போட்டுத் தேய்த்த சுவர் வியர்த்திருந்தது. உள்ளங்கை ஒட்டிக்கொண்டு, தோல் உரிவதுபோல் பிய்ந்து வந்தது.

சட்டியில் எண்ணெய் ஏறியிருந்தது.

மூன்றில் ஒரு பங்கு, பாதியாகி, பாதி முக்காலாகி, மெல்லப் புகைந்தது. அவள் கை நீட்டும் முன்னே பற்றிக்கொண்டது.

அன்பரசி அலறவில்லை. அடுப்பைத் திருகினாள். எரிவாயு உருளையின் வாயை அடைத்தாள். மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்திச் சட்டிமேல் பொருத்தினாள். மஞ்சுளா சொன்னபடி. ஒன்றுவிடாமல்.

தீ அவிந்தது.

இருள். கூரையில் பனி சொட்டும் ஓசை. அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவுதான். அன்றும் இவ்வளவே போதுமாயிருந்தது. குமரேசன் மாமா வந்ததும் சொல்லிவிட வேண்டும். அவள் கேட்டது மூடியை. நான் எடுத்தது சொம்பை. இன்றே சொல்லிவிட வேண்டும்.

மூடி அசைந்தது.

விளிம்பில் மஞ்சள் கசிந்தது. அடுப்பில் வழிந்தது. மேடையில் வழிந்தது. தரையில் வழிந்து அவள் கால்விரல்களுக்கிடையே புகுந்தது. வெதுவெதுப்பு. பாதத்தை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

மூடி ஒரு விரற்கடை எழும்பிற்று. உள்ளே மஞ்சள் ஒளி. தீ அணையவில்லை. அடியில் காத்திருந்தது.

அவளுக்குப் பின்னால் அலமாரியில் பித்தளை உராய்ந்தது.

அந்தச் சொம்பை ஆற்றில் விட்டு மூன்று மாதம்.

ஈர நடை. ஒவ்வோர் அடிக்கும் தரையிலிருந்து பிய்ந்து வரும் ஓசை. கழுத்தோரம் மூச்சு. அந்த நாற்றம். தோள்மேல் ஒரு கை. விரல்கள் உருகி ஒன்றாகிய கை. அது அவளை இறுக்கவில்லை. சின்னப் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டிற்று. தட்டிய இடமெல்லாம் ரவிக்கை நனைந்தது.

"மூடி போட்டுட்டேன்க்கா," என்றாள் அன்பரசி. "நீ சொன்ன மாதிரியே."

உதடில்லாத வாய் காதருகே அசைந்தது.

"பயப்படாத அன்பு. ஆத்தா குளிர்ந்துடுவா."

மூடி சரிந்து விழுந்தது. தீ எழுந்தது. அவள் தோளைத் தாண்டி, சட்டியை நோக்கி, இன்னொரு கை நீண்டது. அதில் பித்தளைச் சொம்பு, வாடாத வேப்பிலை, விளிம்பில் நடுங்கி நடுங்கித் திரண்டு நிற்கும் மஞ்சள் நீர்.