அழிந்த மாடி

தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. காலையெல்லாம் தளத்துக்குக் கம்பி சுமந்த கை, மதியம் மவுஸைப் பிடித்தால் எப்படிச் சொன்னபடி கேட்கும்? கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் எழுப்பிப் பார்க்கக் கற்றுத்தரும் வகுப்பு அது. அங்கே அவன் பெயரே 'கம்பி'தான். வகுப்புக்கே ஒரு கட்டடம், ஆளுக்கொரு பகுதி. திரை ஓரத்தில் ஒரு கோடு நீட்டிக்கொண்டிருந்தது. வேண்டாத கோடு என்று அழித்தான். ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமலே 'சரி' என்று அழுத்திவிட்டான்.

அது இரண்டாம் மாடியின் மட்டக்கோடு. அது போனதும் அதை நம்பி நின்ற சுவர், கதவு, குழாய் எல்லாம் கூடவே போயின...

அவனுக்கு உறைப்பதற்குள் சார் அந்த மாடிக்குரியவளை எழுப்பி நிறுத்திவிட்டார். பிளம்பர் மகள். அவளோடு அவன் இதுவரை பேசியதில்லை.

"வேலையே செய்யாம என்னத்தம்மா காட்டப்போற? வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிக்காரங்க வர்றப்ப வேற ஆளைப் பேசச் சொல்லிக்கிறேன். உட்காரு."

"செஞ்சேன் சார்..."

வகுப்பு சிரித்தது. கம்பி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சொன்னால், 'கம்பி கட்டுறவனுக்கு இதெல்லாம் எதுக்கு' என்பார்கள்.

வெளியே மழை. வாசல் கூரைக்கடியில் அவன் ஒதுங்கிய இடத்துக்கே அவளும் ஓடிவந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இப்படியா விறைச்சுக்கிட்டு நிப்பாங்க?"

இமையில் நின்றது மழைத்துளியா, அழுகையின் மிச்சமா... அந்தக் கண்களைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எந்தப் புண்ணியவான் கை வச்சானோ. கிடைக்கட்டும்..."

"கிடைச்சா?"

"எங்கப்பாகிட்ட குழாய் முறுக்குற ரெஞ்சு ரெண்டு இருக்கு."

"பெருசையே எடுத்துட்டு வாங்க... நான்தான்."

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"தெரியாமத்தான் அழிச்சேன். ஆனா நீங்க திட்டு வாங்குறப்ப வாயை மூடிக்கிட்டிருந்தேன் பாருங்க, அது தெரிஞ்சே செஞ்சது. இன்னொண்ணு... சேர்ந்த நாள்லருந்து உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். இப்ப அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல."

அவள் முகம் சிவந்தது. கோபமா... கோபம் மட்டும்தானா?

"ரெண்டாவது எனக்குச் சொல்ல வேண்டியது. கேட்டுக்கிட்டேன். மொதல்ல சொன்னதை எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? எல்லாரும் பார்க்கத்தானே நின்னேன்?"

"நாளைக்குச் சொல்லிடுறேன்..."

"சொல்லுங்க. அப்புறம் ரெண்டாவதைப் பேசலாம்."

துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். திரும்பி ஒருமுறை பார்த்தாள். அவனுக்குச் சிரிக்கத் துணிவு வரவில்லை. வகுப்பு முழுக்கக் கேட்க 'நான்தான் அழிச்சேன்' என்று எழுந்து சொல்வது, அவளுக்கு அவன் பட்ட கடன். அது இன்னும் தீரவில்லை.