கதவோரக் குரல்

இந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள்? எல்லர்ஸ்லியில் ஆபீஸ் வேலை பார்க்கும் மகன் வீட்டில் பாட்டு ஒரு பக்கம் கத்தும், டிவி ஒரு பக்கம் கத்தும், இரண்டுக்கும் மேலே அவர்கள் கத்துவார்கள். காது இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. அதனால்தான் பழைய இசைத்தட்டில் ஏதோ மாறியிருப்பதை லெட்சுமணன் யாரிடமும் சொல்லவில்லை.

தட்டுக்குள் ராஜூ கிட்டே வந்திருந்தான்.

அறுபத்து மூன்றாம் வருஷம் சிங்கப்பூரில் பதிவு செய்த தட்டு. மூன்று குரல், ஒரே மைக். மார்கரெட்டின் குரல் சன்னம்; அவளை மைக்குக்கு முன்னே நிறுத்தினார்கள். லெட்சுமணன் அவள் தோளுக்குப் பின்னால். ராஜூவுக்கோ அண்டா உருட்டின மாதிரி குரல். தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு அவனைக் கதவோரம் தள்ளிவிட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளுனா நான் பாலம் தாண்டி ஜொகூர்ல நின்னுதான் பாடணும்" என்று சிரித்தான்.

தட்டின் உறையில் அவன் படமும் இல்லை, பெயரும் இல்லை. ஹோட்டல், ரேடியோ, கல்யாண வீடு என்று கொஞ்ச காலம் ஓடினார்கள். கிட்டார் பையன்கள் வந்ததும் ஒருத்தரும் கூப்பிடவில்லை. ராஜூ குடித்தே செத்தான். லெட்சுமணன் மார்கரெட்டைக் கட்டிக்கொண்டு, தெற்கே இந்தக் குளிர் நாட்டுக்குக் குடியேறி, கடைசியில் மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றினார். பாடி என்ன கண்டார்? முதுகுவலி. அதுவும் பெட்டி தூக்கி வந்தது.

இப்போது மார்கரெட்டுக்கு நுரையீரல் கெட்டு, பாபகூராவில் இருக்கும் வீட்டின் உள்ளறையில் படுத்த படுக்கை. சாயங்காலம் அந்தத் தட்டைக் கேட்காமல் விடமாட்டாள்.

"யோவ் லெட்சு, போடலையா?"

"இன்னைக்கு வேணாம்."

"ஏன், உன் சுருதி விலகுனது ஊருக்குத் தெரிஞ்சிடுமா?"

"ஊசி தேஞ்சுபோச்சு."

"தேஞ்சா என்னா? நேத்து ராஜூ நல்லாப் பாடுனான்."

அவளுக்கும் கேட்டிருக்கிறது.

ஒவ்வொரு சாயங்காலமும் ராஜூவின் குரல் கதவோரத்திலிருந்து முன்னே வந்தது. அவன் வர வர, மார்கரெட்டின் குரல் பின்னே போனது. படுக்கையிலும் அவள் மூச்சு அதே அளவு குறைந்தது. குளிர்தான் என்றார் டாக்டர். லெட்சுமணன் டாக்டரையும் நம்பவில்லை, தட்டையும் நம்பவில்லை. ஆனால் போடாவிட்டால் அவள் அழுவாள், அழுதால் இருமல் வரும், இருமினால் ரத்தம்.

போட்டார்.

மண்ணெண்ணெய் ஹீட்டரின் நெடியும் விக்ஸ் வாசனையும் கலந்து கூடத்தில் தேங்கியிருக்க, தகரக் கூரையில் மழை விடாமல் இரைய, ஊசி கீறிக்கொண்டு சுற்றும் அந்தச் சத்தத்துக்கு அடியில், முன்பு ஒருநாளும் இல்லாத ஒன்று கேட்டது: மரத்தரையில் பூட்ஸ் கால். நிதானமாக. ஒவ்வொரு அடியாக.

தன் இளவயதுக் குரலை அது தாண்டிப்போனதை லெட்சுமணன் கேட்டார். சாராய மூச்சு ஒன்று மைக்கில் மோதியது.

மார்கரெட்டின் குரல் இல்லை.

ஊசியைத் தூக்கினார். தட்டு நின்றது.

பாட்டு நிற்கவில்லை.

உள்ளறை. கட்டிலில் மார்கரெட் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மூடி. வாய் மட்டும் பெரிதாகத் திறந்து. அண்டா உருட்டின குரல் அதிலிருந்து வந்தது. கட்டில் கம்பிகள் அதிர்ந்தன.

"மார்கரெட்."

பதில் வாசல் பக்கமிருந்து வந்தது. சாத்திய கதவுக்கு வெளியே. சன்னமாக.

"லெட்சு… குளிருதுய்யா."

அவர் வாசல் கதவைத் திறக்கவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறி, வீட்டைச் சுற்றித் தெருவுக்கு வந்தார். வாசல் சிமெண்டில் வெள்ளைக் கோடு ஒன்று கிடந்தது. மழை அதை அழிக்கவில்லை. கோட்டுக்குப் பின்னால், அத்தனை மழையிலும், இரண்டு பாதம் அளவுக்கு மட்டும் தரை காய்ந்திருந்தது. விரல்கள் கதவைப் பார்த்து. ஆள் இல்லாத அந்த இடத்திலிருந்து சன்னக் குரல், உள்ளே பாடும் குரலுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது.

"ஊசிதான்" என்றார் லெட்சுமணன், சத்தமாக. கடை சாத்துவதற்குள் புது ஊசி வாங்க, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.