கறிவேப்பிலைக் கூண்டு

முதல் உறைபனி விழுந்த காலையில், அன்ரனிற்றாவின் கறிவேப்பிலைச் சாடி கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே புல்லில் இருந்தது. சரிந்து கிடக்கவில்லை. யாரோ இரண்டு கையாலும் தூக்கிவந்து, இலை நோகாமல், நேராக நிறுத்திவிட்டுப் போனதுபோல இருந்தது. நுனிக் கொழுந்துகள் மட்டும் கருகிவிட்டன.

சின்னக் கன்றிலிருந்து பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்த மரம் அது. ஜேர்மனியின் ஊன்ட்றொப்பில் குளிர்காலம் முழுக்கக் கறிவேப்பிலை உயிரோடு இருக்கும் வீடு எதுவென்று கேட்டால் எல்லாரும் அவள் வீட்டைத்தான் காட்டுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. எல்லாம் அந்தக் கூண்டின் புண்ணியம். வீட்டோடு சேர்ந்து வந்த சாமான். ஓர் ஆள் முழங்காலை மடக்கிக் குந்தியிருக்கும் அளவில், இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாகத் தோட்டத்தின் கடைசியில் சீமெந்தில் பதித்துக் கிடந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பக்கத்து வயலில் விழுந்த பிரித்தானியக் குண்டுவீச்சு விமானத்தின் வால்நுனி அது என்றும், கண்ணாடிக்குத் தட்டுப்பாடான அந்த நாளில் யாரோ இழுத்துவந்து தக்காளிக் கன்று வைத்தார்கள் என்றும் வீட்டை விற்றவர்கள் சொன்னார்கள். கூண்டின் முகம் வீட்டைப் பார்த்திருந்தது. பின்பக்கத்துச் சின்ன இழுவைக் கதவுகள் வாய்க்காலைப் பார்த்திருந்தன. ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டு போய்த்தான் திறக்கவேண்டும். எந்த விசரன் இதை இப்படி வைத்தான் என்று அவள் அலுத்துக்கொள்வாள்.

சாடியை வெளியே வைத்தது யார் என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் பவளம் அக்கா, கோடையில் காமாட்சி அம்மன் கோயில் அன்னதானத்துக்கு ஒரு பை இலை கேட்டார். அன்ரனிற்றா ஒரு பிடிதான் கொடுத்தாள். அதற்குப் பிறகு அக்கா சிரிப்பதெல்லாம் பல்லளவில்தான். காற்றாக இருக்கும் என்றான் அவள் கணவன் லக்ஸன். காற்று கதவைத் திறந்து சாடியைத் தூக்கி வைத்துவிட்டுக் கதவையும் சாத்திவிட்டுப் போகுமோ என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

மறுநாளும் சாடி புல்லில் இருந்தது. இந்த முறை கூண்டின் கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம்போலப் புகார் படர்ந்திருந்தது. மரமே இல்லாத கூண்டுக்குள் அவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கு விளங்கவில்லை. சமையலறைக்கு நேரே உள்ளங்கை அளவில் ஒரு வட்டம் மட்டும் தெளிவாக இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள். உட்பக்கமாகத் துடைத்திருந்தது. குனிந்து உள்ளே முகர்ந்தபோது மண் வாசம் இல்லை. பழைய பெற்றோலும் எரிந்த றப்பரும் நாறின.

உள்ளே இருந்து என் குசினியை வேவு பார்த்திருக்கிறாள் என்று கொதித்துக்கொண்டு போய், தெருவில் வைத்தே பவளம் அக்காவிடம் கேட்டுவிட்டாள். அக்கா சண்டைக்கு வரவில்லை. அதுதான் அவளுடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

"பிள்ளை, நான் உன்ரை தோட்டப் பக்கம் பாக்கிறதே இல்லை," என்றார் அக்கா. "அந்தக் கூண்டுக்குள்ளை ஆரோ குந்தியிருக்கிறமாதிரி எனக்கு எப்பவும் தெரியும். நீ மரத்தை வீட்டுக்குள்ளை எடுத்து வை."

வீட்டுக்குள் எடுத்தால் இலை உதிரும் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். என்ன நடிப்பு என்று நினைத்தாள் அன்ரனிற்றா. அன்று கதவுகளைச் சேர்த்துக் கம்பியால் இறுகக் கட்டினாள்.

விடிந்தபோது கம்பி கட்டியபடியே இருந்தது. சாடி வெளியே இருந்தது. அவள் முறுக்கை அவிழ்த்து, சாடியை உள்ளே வைத்து, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பாதித் தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. கூண்டைச் சுற்றிப் போகாமலே அவள் கதவைத் திறந்திருக்கிறாள். கதவுகள் இப்போது வேலிப் பக்கம் பார்த்தன.

கூண்டைத் திருப்பி வைத்தது லக்ஸனோ என்பது அடுத்த சந்தேகம். அவன் நெம்புகிற இரும்பு அலவாங்கைக் கொண்டுவந்து அடியில் கொடுத்து முழுப் பலத்தோடு தள்ளிக் காட்டினான். கூண்டு அசையவில்லை. பிறகு கைபேசியில் எதையோ தேடி வாசித்துவிட்டுச் சொன்னான்.

"வெலிங்டன் எண்டு பேர். ரெண்டு எஞ்சின். வாலிலை சுடுறவன் இதுக்குள்ளை தனிய இருந்திருக்கிறான். குதிக்கிறதெண்டா கூண்டைத் திருப்பி, கதவை வெளிப்பக்கம் கொண்டுவந்து, பின்பக்கமா விழவேணும். இவனுக்குத் திருப்ப நேரம் கிடைக்கேல்லைப் போல."

அவள் பாதிதான் கேட்டாள். அவள் மனம் முழுக்கப் பவளம் அக்கா. கையும் மெய்யுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள்.

"இண்டைக்கு நீங்கள் கூண்டுக்குள்ளை போய் இருங்கோ. அவ வருவா, பிடிக்கலாம்."

"உமக்கு விசர் முத்திப்போச்சு," என்றான் லக்ஸன். ஆனாலும் போனான். மனைவி சொல்லை அவன் தட்டுவது குறைவு. பின்கதவடியில் வீட்டுச் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு, தேத்தண்ணீர்ப் போத்தலோடு இறங்கிப் போனான். சாடியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கூண்டுக்குள் அவன் மடங்கி உட்காருவதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கார்த்திகை மாதத்துப் பொழுது தேத்தண்ணீர் நேரத்திலேயே இருண்டுவிட்டது. வாய்க்காலில் இருந்து புகார் எழுந்து, புல்லை மூடி, வேலியை மூடி, மெல்ல மெல்ல வீட்டை நோக்கி வந்தது. அடுப்பில் சோறு கொதித்த ஆவி யன்னலை மறைத்தது. அவள் உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்து வெளியே பார்த்தாள். கூண்டுக்குள் கைபேசி வெளிச்சம் தெரிந்தது. இருக்கிறான். நல்லது.

பிறகு ஒரு சத்தம். துருப்பிடித்த இரும்பு இரும்பில் உரசும் நீண்ட முனகல்.

வெளிச்சம் நகர்ந்தது. கைபேசியை ஆட்டுகிறான் என்று நினைத்தாள். இல்லை. வெளிச்சத்தோடு கூண்டே நகர்ந்தது. கதவுகள் வேலியை விட்டு வந்தன. வீட்டுக்கு நேரே நின்றன.

வெளிச்சம் அணைந்தது.

கதவு திறந்தது. யாரோ பின்பக்கமாகச் சரிந்து புல்லில் இறங்கி, நிமிர்ந்து, சாடியை அணைத்துத் தூக்கிக்கொண்டு, புகாருக்குள்ளால் வந்தார்கள்.

அலுத்துப்போய் வருகிறான். அப்பாடா. தான் அனுப்பியிருக்கக்கூடாது என்று முதன்முறையாக நினைத்தாள். நல்லவேளை, வந்துவிட்டான். அடுப்பைக் குறைத்தாள். பின்கதவு திறந்து குளிர் முதுகில் ஏறியது. சாடி மேசையில் மெதுவாக, இலை நோகாமல் உட்கார்ந்தது.

"ஆரும் வரேல்லையோ?"

காலடிகள். பாரமான, ஈரமான காலடிகள்.

சப்பாத்து.

லக்ஸன் ஒருநாளும் சப்பாத்தோடு குசினிக்குள் வந்ததில்லை.

பெற்றோல் மணத்தது. எரிந்த றப்பர். அவளால் திரும்ப முடியவில்லை. கண் யன்னலிலேயே நின்றது.

வெளியே இரும்பு மறுபடியும் முனகியது. கூண்டு திரும்பியது. அதன் முகம் வீட்டைப் பார்த்து நின்றது. உள்ளே ஒரு கை கண்ணாடியைத் துடைத்தது. அவசரமாக. வெறுங்கை. வட்டத்துக்குள் லக்ஸனின் முகம். வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

அவன் பார்த்தது அவளை அல்ல. அவளுக்குப் பின்னால்.

நான்தான் அனுப்பினேன். நான்தான்.

அவளுடைய மூச்சுப் பட்டு யன்னல் மறுபடியும் மூடியது. லக்ஸன் மறைந்தான்.

அவளின் தோளுக்கு மேலால், கருகிய தோல் கையுறை போட்ட கை ஒன்று நீண்டுவந்து, யன்னலில் மெதுவாக ஒரு வட்டம் துடைத்தது.