ஏழாவது இணைப்பு

வயரை வெட்டிச் சுருட்டி வைத்திருந்த சுமையளக்கும் ஏழாவது கேஜ், கருவியின் திரையில் எண் காட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. சாயங்காலம் நாலு மணி. பல்கலைக்கழகத்தின் அந்தப் பெரிய சோதனைக்கூடத்தில் அவளைத் தவிர யாருமில்லை. மற்ற எல்லோரும் சுவருக்கு அந்தப் பக்கம், புது அரங்கத்தின் திறப்பு விழாவில் இருந்தார்கள். அங்கிருந்து வந்த கைதட்டல், தண்ணீருக்குள் தலையை அமுக்கிக்கொண்டு கேட்பதுபோல மந்தமாகக் கேட்டது. கிரீஸும் சுண்ணாம்பும் சுட்ட இரும்பும் கலந்த வாடை கூடத்தில் எப்போதும் போல இருந்தது.

ஏழாவது: 9.4 டன்.

கருவியின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அதன் வயரைச் செருகும் ஏழாம் எண் துளை வெறுமையாக இருந்தது. மேலே படிந்திருந்த தூசிகூடக் கலையவில்லை.

ஆறு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. இரும்புத் தூணும் குறுக்கு உத்தரமும் சேருகிற இடத்தை போல்ட் போட்டு, வெல்டு வைத்து, மேலே சுண்ணாம்பு பூசி, எந்திரத்தில் ஏற்றி அழுத்திப் பார்ப்பது. இரும்பு தளரும்போது கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்பு காட்டிக் கொடுத்துவிடும், சாய்ந்த கோடுகளாக வெடித்து உதிரும். எவ்வளவு சுமை ஏறியது என்பதை, இரும்பில் ஒட்டிய நகத்தளவு கேஜ் டன் கணக்கில் சொல்லும். ஒரே மாதிரி ஏழு இணைப்புகள் செய்தார்கள். ஆறு இணைப்புகள் நாற்பது டன் தாங்கின. ஏழாவது இருபத்தொன்றில் கிழிந்தது. அந்தச் சத்தத்துக்கு வராந்தாவில் போனவர்கள்கூட ஓடிவந்தார்கள்.

ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் மட்டும் அசையவில்லை.

"கேஜ் சரியா ஒட்டலம்மா. உன் கைதான் நடுங்குமே. இத நீக்கிட்டு மத்த ஆற மட்டும் வச்சு எழுது."

இரண்டாகக் கிழிந்த இரும்பு இருவரின் காலடியிலும் கிடந்தது. கேஜுக்கும் கிழிசலுக்கும் என்ன சம்பந்தம்? கேட்கவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் அவளுக்குப் பட்டம் கிடையாது. 'கேஜ் பழுது' என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள். கிழிந்த துண்டு காயலான் கடைக்குப் போயிற்று. அதே இணைப்பு பதினான்கு இடங்களில் புது அரங்கத்தின் பால்கனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஏழாவது: 13.8.

சுவருக்கு அப்பால் நாற்காலிகள் இழுபட்டன. ஆட்கள் பால்கனியில் ஏறுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள். அவளும் இங்கேதான் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

"எங்கடி இருக்க?"

"பால்கனிக்குக் கீழ. பெரியவங்களுக்கு மேல சோபா, எங்களுக்குக் கீழ பிளாஸ்டிக் நாற்காலி. உன் இரும்பு மேல எல்லாரும் ஜம்முனு உக்காந்திருக்காங்கக்கா."

"எந்திரிச்சு வெளிய வா. இப்பவே."

"ஏன், ஐஸ்கிரீம் வாங்கித் தரப்போறியா?" சிரித்தாள். "ஐயே, தலைல என்னமோ வெள்ளையா கொட்டுது. இரு, பக்கத்துல எல்லாரும் ஏன் நாற்காலி மேல..."

அதன் பிறகு பேச்சில்லை. போன் துண்டிக்கப்படவும் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும். ஒருத்தியுடையது அல்ல. நிறையப் பேர், ஒரே நேரத்தில் இழுத்து, ஒரே நேரத்தில் விட்டார்கள்.

அந்த அழைப்பைத் துண்டித்துப் பேராசிரியரை அழைத்தாள். கிசுகிசுப்பாகப் பேசினார்.

"என்னம்மா, மேடைல பேசிட்டிருக்காங்க."

"சார், பால்கனிய உடனே காலி பண்ணச் சொல்லுங்க. ஏழாவது ஏறுது."

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"அந்தக் கேஜ் பழுதுன்னு நீதானம்மா எழுதிக் கொடுத்திருக்க?"

வைத்துவிட்டார்.

ஆத்திரத்தில் அவளுக்குக் காது அடைத்தது. ஆறு வருடமாக அவர் காபிக் கோப்பையைக் கழுவிய கை. ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரை முதலில் போட்டுத் தன் பெயரைக் கடைசியில் எழுதிய கை. அந்தக் கையாலேயே கருவியின் மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தாள்.

திரை அணையவில்லை.

இருபது.

இருபதரை.

இருபத்தொன்று.

கண்ணை மூடிக்கொண்டு, இரும்பு கிழியும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

இருபத்தைந்து. முப்பது. முப்பத்தெட்டு.

பால்கனி ஏன் விழவில்லை? இணைப்பு விட்டுவிட்டால், சுமை காற்றில் கரைந்துவிடாது. வேறு ஏதாவது அதை வாங்கிக்கொள்ள வேண்டும். யாராவது.

ஓடினாள்.

அரங்கத்தின் பின்கதவு கனமாகத் திறந்தது. மேடையில் யாரோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். பால்கனிக்கு அடியில் விளக்கில்லை. அங்கே இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் நாற்காலிகள் மேல் ஏறி, தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் பால்கனியின் அடிப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். வரிசை வரிசையாக. யாரும் முனகவில்லை. மூச்சு மட்டும். ஒன்றாக உள்ளே. ஒன்றாக வெளியே.

மூன்றாவது வரிசையில் தங்கை. மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்திருந்தது.

"கைய எடுக்க வரலக்கா," என்றாள், உதடு அசையாமல்.

மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேராசிரியர் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டியா? மேல வாம்மா. உனக்கும் ஒரு சீட் போட்டு வச்சிருக்கேன்."

"ஏறாதக்கா," என்றாள் தங்கை. "இன்னொரு ஆள் தாங்காது."

தங்கைக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவள் அதன்மேல் ஏறினாள். கைகளை உயர்த்தினாள். உள்ளங்கையில் பட்டது குளிர்ந்த இரும்பு, அப்புறம் எடை. முழங்கைக்குள், தோளுக்குள், பல்லுக்குள் இறங்கியது. அவரைத் திட்ட வாயைத் திறந்தாள். ஆறு வருடம் சேர்த்து வைத்தது அத்தனையும் தொண்டை வரை வந்தது. குரல் வரவில்லை. மூச்சு முழுக்கக் கைகளுக்குப் போய்விட்டது.

உள்ளே. வெளியே.

பக்கவாட்டுப் படிக்கட்டில், தாமதமாக வந்தவர்கள் பூங்கொத்துகளோடு பேசிச் சிரித்துக்கொண்டு பால்கனிக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் மேலே கால் வைக்கும்போதும், கீழே வரிசை முழுவதும் முழங்கால்கள் ஒன்றாக, இன்னும் கொஞ்சம் மடங்கின.